இருபயன் மோட்டார் சைக்கிள்கள்: பராமரிப்புச் செலவும் நம்பகத்தன்மையும் – ஒரு வரலாறு

தார்ச் சாலையிலும், சாலை முடிந்தபின் தொடங்கும் மண், மணல், சரளைப் பாதைகளிலும் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட வண்டி இருபயன் மோட்டார் சைக்கிள் எனப்படும். முகப்பு விளக்கு, ஒலிப்பான், எண் பலகை ஆகியவை இருப்பதால் இதைச் சட்டப்படி பொதுச்சாலையில் ஓட்டலாம். உயரமான உடலமைப்பு, நீண்ட ஷாக் அப்சார்பர், பெரிய முன்சக்கரம், ஸ்போக் கம்பிகள் கொண்ட வீல் ஆகியவை இருப்பதால் கரடுமுரடான பாதையிலும் இது தாக்குப்பிடிக்கும். சாலை அனுமதி இல்லாமல் பந்தயத் திடலிலும் காட்டுப் பாதையிலும் மட்டும் ஓடும் வண்டிகள் இதன் நெருங்கிய உறவினர்கள். அவை போட்டி வண்டிகள் எனப்படும்.

இவ்வகை வண்டிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் பந்தய வெற்றிகளின் வரிசையாகவே எழுதுவது வழக்கம். வண்டியை வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டுபவருக்கு முக்கியமான கேள்விகள் வேறு. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை எஞ்சினைத் திறக்க வேண்டும்? எந்தப் பாகம் முதலில் உடையும்? உடைந்தால் அதை யார், எங்கே, என்ன விலைக்குச் சரிசெய்வார்கள்? இந்தக் கேள்விகளின் வழியே பார்த்தால், கடந்த அறுபது ஆண்டுகளில் இருபயன் வண்டிகள் வளர்ந்த விதம் தெளிவாகப் புலப்படும்.

மணிக்கணக்கும் கிலோமீட்டர் கணக்கும்

போட்டி வண்டியின் பராமரிப்பு மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. ஹோண்டா சிஆர்எஃப்250ஆர் போன்ற மோட்டோகிராஸ் வண்டியின் கையேடு, ஆறு பந்தயங்களுக்கு அல்லது சுமார் 15 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை எஞ்சின் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. மணிக்குச் சராசரியாக 40 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், 15 மணி நேரம் என்பது 600 கி.மீ. மட்டுமே. பிஸ்டனும் அதன் வளையங்களும்கூட இத்தகைய வண்டிகளில் தேய்மானப் பொருள்களாகவே கருதப்படுகின்றன. பிரேக் கட்டையை மாற்றுவதுபோல, குறித்த மணி நேரம் ஓடியதும் அவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

இருபயன் வண்டியின் பராமரிப்பு கிலோமீட்டரில் அளக்கப்படுகிறது. யமஹா நிறுவனம் 2008ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட டபிள்யூஆர்250ஆர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வால்வு இடைவெளியைச் சோதிக்க வேண்டிய தூரம் சுமார் 42,000 கி.மீ. ஏறக்குறைய அதே பெயரில் அதே நிறுவனம் விற்ற டபிள்யூஆர்250எஃப், போட்டி வண்டியின் வழியில் வந்தது. இரண்டுமே 250 சிசி, நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் வண்டிகள். பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் பழைய வண்டி வாங்குபவருக்குப் பராமரிப்புச் செலவு பல மடங்காகிவிடும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பொறியியல் தேர்வுதான். போட்டி வண்டியில் எடை குறைய வேண்டும், எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டும். அதற்காகப் பிஸ்டனின் உயரமும் எஞ்சினில் தங்கும் எண்ணெயின் அளவும் குறைக்கப்படுகின்றன. எண்ணெய் குறைவாக இருந்தால் அது விரைவில் சூடாகி, விரைவில் அழுக்கடைகிறது. இருபயன் வண்டியில் அதே கொள்ளளவு எஞ்சின் குறைந்த சக்தியைத் தருகிறது, கூடுதல் எடையைச் சுமக்கிறது, அதற்கு ஈடாக நீண்ட ஆயுளைப் பெறுகிறது.

1990களின் இறுதியில் போட்டி வண்டிகளிலும் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அதுவரை மோட்டோகிராஸ் திடலை ஆண்டவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். 1998ஆம் ஆண்டு மாடலாக வந்த யமஹா ஒய்இசட்400எஃப் வண்டிக்குப் பிறகு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அந்த இடத்தைப் பிடித்தன. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வும் கேம் ஷாஃப்ட்டும் கிடையாது. பிஸ்டன் தேய்ந்தால் சிலிண்டரைக் கழற்றி ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம். அதிவேக நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு வால்வு உடைந்து உள்ளே விழுந்தால், பிஸ்டன், சிலிண்டர், சிலிண்டர் தலை என்று பல பாகங்கள் சேர்ந்து அழிகின்றன. சொந்தப் பணத்தில் பந்தயம் ஓடிய எளிய போட்டியாளர்களுக்கு இந்த மாற்றம் பெரும் செலவாக முடிந்தது.

தொடக்க காலம்

1960களின் தொடக்கத்தில் இருபயன் வண்டி என்று தனி வகை இல்லை. பிரிட்டிஷ் நிறுவனங்கள் சாலை வண்டியின் புகைக்குழாயை மேலே உயர்த்திக் கட்டி, முரட்டு டயர் பொருத்தி, 'ஸ்கிராம்ப்ளர்' என்ற பெயரில் விற்றன. இவை கனமானவை. சாலையை விட்டு இறங்கினால் ஓட்டுநரின் உடல் வலிமையையே நம்பியிருந்தன.

இதே காலத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு ஹோண்டா விற்பனையாளர், சூப்பர் கப் என்னும் 50 சிசி சிறிய வண்டியின் பின்சக்கரத்தில் பெரிய ஸ்பிராக்கெட்டைப் பொருத்தி, மலைகளில் வேட்டையாடுபவர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்கும் விற்றார். வேகம் குறைந்தது, ஏறும் திறன் கூடியது. இதைக் கவனித்த ஹோண்டா நிறுவனம் 'டிரெயில்' என்ற வரிசையைத் தொடங்கியது. பின்னாளில் வந்த சிடி90, சிடி110 ஆகியவை இந்த வழியில் பிறந்தவை. சூப்பர் கப் எஞ்சினின் எளிமையும் குறைந்த எரிபொருள் செலவும் இவற்றுக்கு அப்படியே வந்து சேர்ந்தன.

1962இல் ஹோண்டா சிஎல்72 என்னும் 250 சிசி ஸ்கிராம்ப்ளரின் உழைப்பை நிரூபிக்க, டேவ் எகின்ஸ், பில் ராபர்ட்சன் என்ற இருவர் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை ஓட்டினர். சுமார் 1,500 கி.மீ. தூரம், பெரும்பகுதி சாலையற்ற பாலைநிலம். எகின்ஸ் 39 மணி 56 நிமிடங்களில் இலக்கை அடைந்தார். 'இந்த வண்டி தாங்கும்' என்பதே விளம்பரமாக மாறிய ஆரம்ப நிகழ்வுகளுள் இது ஒன்று. 1967இல் தொடங்கிய பாஹா நெடும்பந்தயத்துக்கு இந்தப் பயணம் வித்திட்டது.

சாலைக்கும் காட்டுக்கும் பொதுவாக, தொடக்கத்திலிருந்தே புதிதாக வடிவமைக்கப்பட்டு, பெருவாரியாக விற்ற முதல் வண்டியாக யமஹாவின் டிடி-1 கருதப்படுகிறது. 1968ஆம் ஆண்டு மாடலாக வந்த இது 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. யமஹா 1964 முதல் பயன்படுத்திவந்த 'ஆட்டோலூப்' அமைப்பு இதிலும் இருந்தது. அதற்கு முன் டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தவர்கள் பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். அளவு குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். தனித் தொட்டியிலிருந்து எண்ணெயைத் தானே அளந்து செலுத்தும் பம்ப், வண்டி பழுதாவதற்கான ஒரு முக்கியக் காரணத்தை நீக்கியது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களும் டக்கார் பாலைவனமும்

1972இல் ஹோண்டா எக்ஸ்எல்250 வண்டியை வெளியிட்டது. ஒற்றை சிலிண்டர், நான்கு வால்வு, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இதன் சிறப்பு. டூ ஸ்ட்ரோக் வண்டியைவிடக் கனமானது என்றாலும் எரிபொருள் குறைவாகக் குடித்தது, புகை குறைவாகக் கக்கியது, நெடுந்தூரம் ஓடியது. 1978 மாடல்கள் முதல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மோட்டார் சைக்கிள்களுக்குப் புகைக் கட்டுப்பாடு விதித்தபோது, சாலையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் படிப்படியாகப் பின்வாங்கின.

1976ஆம் ஆண்டு மாடலாக வந்த யமஹா எக்ஸ்டி500 இவ்வகையின் அடையாளமாகவே ஆனது. 499 சிசி கொள்ளளவுள்ள ஒரே ஒரு சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், ஒரு கார்புரேட்டர். எஞ்சின் எண்ணெய் வண்டியின் சட்டக் குழாய்க்குள்ளேயே சேமிக்கப்பட்டது. ரேடியேட்டர் இல்லாததால் கல் பட்டு உடைய ஒன்றும் இல்லை. கிக் ஸ்டார்ட் இருந்ததால் பேட்டரி செத்தாலும் வண்டியைக் கிளப்ப முடிந்தது.

இந்த எளிமைக்கான தேர்வு 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸில் தொடங்கியது. தியெரி சபீன் ஏற்பாடு செய்த முதல் பாரிஸ்–டக்கார் பந்தயம் சுமார் 10,000 கி.மீ. நீளம் கொண்டது. புறப்பட்ட 182 வாகனங்களில் 74 மட்டுமே செனகல் தலைநகர் டக்காரை அடைந்தன. முதலில் வந்தவர் எக்ஸ்டி500 ஓட்டிய பிரெஞ்சு இளைஞர் சிரில் நெவே. அடுத்த ஆண்டும் அதே வண்டியில் அவரே வென்றார். பாதிக்கும் மேற்பட்ட வாகனங்கள் வழியில் நின்றுபோன பந்தயத்தில், நிற்காமல் ஓடியதே பெரும்பாதி வெற்றியாக இருந்தது.

1980இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர்80ஜி/எஸ் வண்டியை அறிமுகப்படுத்தியது. 'காட்டுநிலம்', 'சாலை' என்னும் இரு ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளே ஜி/எஸ். இதன் இரு சிலிண்டர்கள் இடமும் வலமுமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தால் அடிபடும் இடம் என்று தோன்றினாலும், பராமரிப்புக்கு அது பெரும் வசதி. பெட்ரோல் டாங்கைக் கழற்றாமலேயே இரு மூடிகளைத் திறந்து வால்வு இடைவெளியைச் சரிசெய்யலாம். செயினுக்குப் பதில் ஷாஃப்ட் இருந்ததால் மணலில் செயின் தேயும் தொல்லையும் இல்லை. 1981 டக்கார் பந்தயத்தில் ஹூபேர் ஓரியோல் பிஎம்டபிள்யூ வண்டியில் வென்றார். 1983இல் யமஹா சுமார் 30 லிட்டர் டாங்க் கொண்ட எக்ஸ்டி600 இசட் டெனெரே வண்டியை வெளியிட்டது. டக்கார் பந்தயத்தில் கற்ற பாடங்கள் இவ்வாறு சாதாரண மக்கள் வாங்கும் வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தன.

கேஎல்ஆர்650: ஒரு சிறு நெம்புகோலின் கதை

நம்பகமான வண்டி என்றால் குறையே இல்லாத வண்டி என்று பலர் எண்ணுகின்றனர். கவாசாகி கேஎல்ஆர்650 வரலாறு அந்த எண்ணத்தைச் சற்றுத் திருத்துகிறது.

1987இல் வந்த இந்த 651 சிசி வண்டி, 2008இல் ஒரு முறை கணிசமாகத் திருத்தப்பட்டு, 2018 வரை விற்பனையில் இருந்தது. 2022ஆம் ஆண்டு மாடலாக எரிபொருள் ஊசி அமைப்புடன் மீண்டும் வந்தது. ஏறத்தாழ 23 லிட்டர் டாங்க், குறைந்த விலை, அதிகம் மாறாத வடிவம் ஆகியவற்றால் வட அமெரிக்காவிலிருந்து தென் அமெரிக்காவின் முனை வரை பயணம் போகிறவர்களின் விருப்பமான வண்டியாயிற்று. அமெரிக்க மரைன் படைக்காக, கலிபோர்னியாவிலுள்ள ஹேய்ஸ் டைவர்சிஃபைட் டெக்னாலஜிஸ் நிறுவனம் இதே வண்டியில் டீசல் எஞ்சினைப் பொருத்தி எம்1030 எம்1 என்ற வடிவை உருவாக்கியது. ராணுவ ஊர்திகள் பயன்படுத்தும் ஜேபி-8 எரிபொருளிலேயே இதுவும் ஓட வேண்டும் என்பதே காரணம்.

ஆனால் கேஎல்ஆர் எஞ்சினுக்குள் ஒரு பலவீனம் இருந்தது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே அதிரும். அதிர்வைக் குறைக்க எதிர்எடைத் தண்டுகள் உள்ளே சுழல்கின்றன. அவற்றை இயக்கும் செயின் தளராமல் இருக்க ஒரு சிறு நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைக்கப்பட்டிருந்தன. பற்றவைத்துச் செய்யப்பட்ட அந்த நெம்புகோல் சில வண்டிகளில் விரிசல் விட்டது. சிலவற்றில் ஸ்பிரிங் உடைந்தது அல்லது இழுவிசை இழந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. செயினை இறுக்குவதற்கான போல்ட்டைக் கையேட்டின்படி உரிமையாளர் தளர்த்தி முடுக்குவார். ஆனால் உள்ளே உடைந்த ஸ்பிரிங் எதையும் இறுக்காது. உடைந்த துண்டு எஞ்சினுக்குள் விழுந்தால் சேதம் பெரிது.

இந்தக் குறையை உரிமையாளர்களே கண்டறிந்து பரப்பினர். ஒரே உலோகத் துண்டில் வெட்டிய உறுதியான நெம்புகோலைச் சிறு தயாரிப்பாளர்கள் செய்து விற்றனர். ஃபிளைவீலைக் கழற்றும் சிறப்புக் கருவியை ஒருவர் வாங்கிப் பலருக்கு இரவல் தந்தார். ஒரு நாள் ஓரிடத்தில் கூடிப் பல வண்டிகளுக்கும் சேர்த்து இந்த மாற்றத்தைச் செய்வது வழக்கமாயிற்று. 2008 மாடலில் கவாசாகியும் நெம்புகோலின் வடிவத்தை மாற்றியது.

எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் நெம்புகோலின் விலை மிகச் சிறியது. எது உடையும் என்று முன்கூட்டியே தெரிந்த, மாற்றுப் பாகம் மலிவாகக் கிடைக்கிற, மாற்றும் முறை பலருக்கும் கைவந்த குறை, உரிமையாளரைப் பெரிதாக அச்சுறுத்துவதில்லை. இருபது ஆண்டுகளாக மாறாமல் விற்ற வண்டிக்கு இதனால் ஒரு நன்மை கிடைத்தது: அதன் நோய்களும் மருந்தும் ஊரறிந்தவையாயின. காற்று-எண்ணெய்க் குளிர்ப்பு கொண்ட சுசுகி டிஆர்650எஸ்இ, காற்றுக் குளிர்ப்பு கொண்ட ஹோண்டா எக்ஸ்ஆர்650எல் ஆகியவையும் 1990களில் வந்து பல்லாண்டுகள் பெரிய மாற்றமின்றி விற்றவையே. இவ்விரண்டிலும் வால்வு இடைவெளியைத் திருகு ஒன்றைத் திருப்பியே சரிசெய்யலாம். கேம் ஷாஃப்ட்டைக் கழற்றி, சரியான தடிமனுள்ள சிறு உலோக வில்லையைத் தேடிப் பொருத்தும் வேலை இல்லை.

ஆப்பிரிக்காவின் நலவாழ்வுப் பணியாளர்கள்

பராமரிப்பு என்பது பொழுதுபோக்குப் பயணிகளின் கவலை மட்டுமன்று. 1980களின் பிற்பகுதியில் பிரிட்டனைச் சேர்ந்த பத்திரிகையாளர் பாரி கோல்மனும் அமெரிக்க கிராண்ட் பிரீ பந்தய வீரர் ராண்டி மமோலாவும், குழந்தைகள் நலனுக்காகத் திரட்டப்பட்ட நிதி எவ்வாறு பயன்படுகிறது என்று பார்க்கச் சோமாலியா சென்றனர். நலவாழ்வுப் பணியாளர்களுக்கெனத் தரப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் பழுதாகிக் கைவிடப்பட்டுக் கிடந்ததை அங்கே கண்டனர். பெரும்பாலானவை அதிகம் ஓடாத வண்டிகள். எண்ணெய் மாற்றாததும், செயினை இறுக்காததும், சிறு பாகங்கள் கிடைக்காததுமே அவற்றை முடக்கியிருந்தன. ஒரு வண்டி நின்றால், அதில் வரவேண்டிய தடுப்பூசி அந்தக் கிராமத்துக்கு வராது.

பாரியும் முன்னாள் பந்தய வீராங்கனையான அவர் மனைவி ஆண்ட்ரியா கோல்மனும் மமோலாவும் சேர்ந்து உருவாக்கிய 'ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்' 1996இல் முறையான அமைப்பாயிற்று. காம்பியா, ஜிம்பாப்வே, லெசோத்தோ உள்ளிட்ட நாடுகளில் அது பணியாற்றியது. அதன் அடிப்படைக் கருத்து எளியது. வண்டி நின்றபின் பழுதுபார்ப்பது தவறான முறை. நிற்பதற்கு முன்பே, குறித்த தூரத்தில், தேய்ந்த பாகத்தை மாற்றிவிட வேண்டும். பணியாளருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதே தினமும் பெட்ரோல், எண்ணெய், செயின், பிரேக், நட்டு போல்ட் ஆகியவற்றைச் சோதிக்கவும் கற்றுக்கொடுத்தனர். பணியாளர் தம் இடத்தை விட்டு நெடுந்தூரம் வராதபடி, மெக்கானிக்கே அவர் இருக்கும் பகுதிக்குக் குறித்த நாளில் செல்லும் ஏற்பாடும் இருந்தது.

இந்த அமைப்பு வற்புறுத்திய மற்றொரு கருத்து, ஒரு கிலோமீட்டருக்கான செலவு என்ற கணக்கு. எரிபொருள், எண்ணெய், டயர், பாகங்கள், மெக்கானிக்கின் ஊதியம், பிற்காலத்தில் புது வண்டி வாங்க ஒதுக்க வேண்டிய தொகை ஆகிய அனைத்தையும் கூட்டி, ஓடும் தூரத்தால் வகுக்க வேண்டும். வண்டியை நன்கொடையாகக் கொடுப்போர் பலர், அதை ஓடவைக்கப் பணம் கொடுப்போர் சிலர் என்பதே அவர்கள் சந்தித்த தடை. கணக்கு எண்ணாக முன்னால் நின்றபோது, அரசுகளிடமும் உதவி அமைப்புகளிடமும் அந்தத் தொகையை ஆண்டுச் செலவாகக் கேட்க முடிந்தது.

இத்தகைய பணிகளுக்கு ஏற்ற வண்டிகள் பந்தயத்திலிருந்து வரவில்லை, பண்ணைகளிலிருந்து வந்தன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மேய்ச்சல் பண்ணைகளுக்காக உருவான யமஹா ஏஜி100 வண்டியில் செயின் முழுவதும் மூடப்பட்டிருக்கும். இரு பக்கமும் ஸ்டாண்டு, முன்னும் பின்னும் சுமை தாங்கி, கைப்பிடிக் காப்பு ஆகியவையும் உண்டு. ஆஸ்திரேலிய அஞ்சல் துறையின் தபால்காரர்கள் பல்லாண்டுகள் ஓட்டிய ஹோண்டா சிடி110 வண்டியிலும் மூடிய செயின்தான். மண்ணும் சேறும் படாத செயின், திறந்த செயினைவிட நீண்ட நாள் உழைக்கிறது.

செலவு எங்கே போகிறது?

இருபயன் வண்டியின் பராமரிப்பை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வழக்கமான பணிகள்: எஞ்சின் எண்ணெய், எண்ணெய் ஃபில்டர், ஏர் ஃபில்டர், வால்வுச் சோதனை. இவற்றுள் மண்பாதையில் முதலிடம் ஏர் ஃபில்டருக்கே. சாலையில் பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் ஃபில்டர், முன்னால் செல்லும் வண்டி கிளப்பும் புழுதியில் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். ஃபில்டரின் விளிம்பு சரியாகப் பொருந்தாமல் நுண்மணல் உள்ளே போனால், அது உப்புத்தாள்போல் சிலிண்டரையும் வால்வு இருக்கைகளையும் தேய்க்கும். நல்ல எண்ணெய் ஊற்றினாலும் இந்தச் சேதத்தைத் தடுக்க முடியாது.

இரண்டாவது, தேய்மானப் பொருள்கள்: டயர், செயின், ஸ்பிராக்கெட், பிரேக் கட்டை, சக்கர பேரிங். மூன்றாவது, விழுவதால் வரும் செலவு: கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கண்ணாடி, இண்டிகேட்டர், வளைந்த ஹேண்டில்பார். நான்காவது, கவனிக்காமல் விட்டதால் வரும் பெருஞ்செலவு: எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது.

எடுத்துக்காட்டுக்காகச் சில தொகைகளை வைத்துக்கொண்டு கணக்கிடலாம். ஒரு ஜோடி டயர் 6,000 ரூபாய், 10,000 கி.மீ. ஓடுகிறது எனில் கிலோமீட்டருக்கு 60 காசு. செயின், ஸ்பிராக்கெட் 3,000 ரூபாய், 20,000 கி.மீ. எனில் 15 காசு. எண்ணெயும் ஃபில்டரும் 1,000 ரூபாய், 5,000 கி.மீ. எனில் 20 காசு. மொத்தம் 95 காசு. இப்போது அதே விலையில், மண்ணில் நன்றாகப் பிடிக்கும் மென்மையான கட்டை டயரைப் பொருத்தினால், அது தார்ச் சாலையில் 4,000 கி.மீ.யில் தேய்ந்துவிடும் என்று கொள்வோம். டயர் செலவு மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயாகிறது. எண்ணெய் மாற்றுவதை இரு மடங்கு தூரத்துக்குத் தள்ளிப்போட்டால் மிச்சமாவது 10 காசு. அந்த 10 காசுக்காக எஞ்சினைப் பணயம் வைப்பது நல்ல பேரம் இல்லை. பெரும்பாலும் பயணத்தில் எவ்வளவு தார், எவ்வளவு மண் என்று பார்த்து டயரைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது.

இந்தியாவில்

இந்தியாவில் நெடுங்காலம் எல்லா வண்டிகளுமே இருபயன் வண்டிகளாகத்தான் ஓடின, ஏனெனில் சாலைகள் அப்படி இருந்தன. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் என்ஃபீல்டு புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததையொட்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னை திருவொற்றியூரில் தயாரிப்பைத் தொடங்கியது. போலந்து வடிவமைப்பைத் தழுவி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் செய்த டூ ஸ்ட்ரோக் ராஜ்தூத் 175, கிராமப்புறங்களில் பால் கேன் சுமக்கும் வண்டியாகப் பெயர் பெற்றது. இவ்விரண்டும் பழுதாகாத வண்டிகள் என்று யாரும் சொல்வதில்லை. ஊருக்கு ஊர் இவற்றைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக் இருந்தார் என்பதே இவற்றின் பலம்.

இருபயன் என்ற நோக்கத்தோடே வந்த வண்டிகளுள் 2011இல் அறிமுகமான 150 சிசி ஹீரோ இம்பல்ஸ் குறிப்பிடத்தக்கது. போதிய வாங்குவோர் இல்லாமல் சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. 411 சிசி, சுமார் 24.5 குதிரைத்திறன் என்பது அந்தக் கொள்ளளவுக்கு மிகக் குறைவு. ஆனால் குறைந்த வேகத்தில் நல்ல இழுவை, 15 லிட்டர் டாங்க், சிக்கலற்ற எஞ்சின் ஆகியவை மலைப் பயணிகளுக்குப் பொருந்தின. மணாலி–லே வழியில் டாண்டி என்ற இடத்துப் பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எச்சரித்த பலகை புகழ்பெற்றது. அத்தகைய வழியில் பெரிய டாங்கும்கூட நம்பகத்தன்மையின் ஒரு பகுதியே. 2019இல் வந்த 200 சிசி ஹீரோ எக்ஸ்பல்ஸ், குறைந்த விலையில் 21 அங்குல முன்சக்கரத்தைத் தந்து, மாணவர்களும் இளைஞர்களும் இத்துறைக்குள் வர வழி திறந்தது. 2023 இறுதியில் நீர்க் குளிர்ப்பு கொண்ட 452 சிசி எஞ்சினுடன் புதிய ஹிமாலயன் வந்தது. சக்தி வெகுவாகக் கூடியது, கூடவே ரேடியேட்டரும் மின்னணுக் கருவிகளும் வந்தன.

எளிமையா, மின்னணுவா?

கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் ஊசி அமைப்பு வந்தபோது, நடுக்காட்டில் பழுதானால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கார்புரேட்டரை ஒரு ஸ்குரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் சாலையோரத்தில் சுத்தம் செய்யலாம். பெட்ரோல் பம்போ உணர்கருவியோ செயலிழந்தால் புதிது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மறுபக்கம், மலை ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும்போது கார்புரேட்டர் வண்டி திணறும். ஊசி அமைப்பு கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். அடிக்கடி நேரும் சிறு தொல்லைகள் குறைந்தன, எப்போதாவது நேரும் தொல்லை பெரிதாயிற்று.

2004இல் நடிகர் யூவன் மெக்ரெகரும் சார்லி போர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க் வரை சென்ற புகழ்பெற்ற பயணம் இதைப் படம்பிடித்துக் காட்டியது. மங்கோலியாவில் அவர்களுடைய ஒளிப்பதிவாளரின் பிஎம்டபிள்யூ வண்டி பழுதானபோது, மாற்றாக உள்ளூரில் வாங்கப்பட்டது இழ் பிளானெட்டா 5 என்னும் ரஷ்ய டூ ஸ்ட்ரோக் வண்டி. அதுவும் நின்று நின்றுதான் ஓடியது. ஆனால் அங்குள்ளவர்களுக்குப் பழக்கமான வண்டி என்பதால் வழியிலேயே சரிசெய்துகொள்ள முடிந்தது.

முடிவுரை

இருபயன் மோட்டார் சைக்கிளின் நம்பகத்தன்மை எஞ்சினுக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. அதில் வடிவமைப்பாளருக்கு ஒரு பங்கு உண்டு: சக்தியைச் சற்று விட்டுக்கொடுத்து ஆயுளைக் கூட்டுவது. உரிமையாளருக்கு ஒரு பங்கு உண்டு: ஃபில்டரையும் செயினையும் எண்ணெயையும் உரிய காலத்தில் கவனிப்பது. மூன்றாவது பங்கு சுற்றியுள்ள சமூகத்துக்கு உரியது: பாகம் விற்கும் கடை, பழுது அறிந்த மெக்கானிக், அனுபவத்தைப் பகிரும் சக ஓட்டுநர்கள், பராமரிப்புக்கும் நிதி ஒதுக்கும் நிறுவனம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விலையுயர்ந்த வண்டி சாலையோரம் நிற்கும். சோமாலியாவில் கைவிடப்பட்டுக் கிடந்த வண்டிகள் நல்ல வண்டிகள்தான், அவற்றுக்கு மூன்றாவது பங்கு கிடைக்கவில்லை.

வண்டி வாங்க எண்ணும் மாணவர், விலையையும் குதிரைத்திறனையும் பார்ப்பதோடு கையேட்டின் பராமரிப்பு அட்டவணையையும் ஒரு முறை படிப்பது நல்லது. அந்த அட்டவணை கிலோமீட்டரில் இருக்கிறதா, மணியில் இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே, அந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பது புரிந்துவிடும்.